ஆறரை மணிப் பிரட்டும் இரவு ஒரு மணி பேக்கப்பும்

இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோர், அதாவது அலுவலகம். பெயர் வேண்டாம். அங்கே இருந்த சேர்வர் பெரிய சாமான் ஒன்றுமில்லை: 8 ஜிபி ரேம், 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒன்று, உபுண்டு 22.04. அதற்கு மூன்று வேலை. செக்ரோலும் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) கொழுந்து நிறுவையும் போகிற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று. பழைய பதிவேடுகளை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கும் சம்பா பகிர்வு (மற்றக் கணினிகளும் திறக்கக்கூடிய பொதுக் கோப்புறை) ஒன்று. இந்த இரண்டையும் இரவு 1 மணிக்கு வெளி டிஸ்க்குக்கு எடுக்கும் பேக்கப். மூன்றையும் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். பிற்பாடு வெளிவந்த குற்றவாளியும் நான்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பிரச்சினை காலையில். பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம், ஆறரைக்கு. அதற்கு முன்பு எந்த மலைக்கு எத்தனை பேர், யாருக்குப் போன நாள் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தது என்ற பட்டியலைப் பெரிய கிளாக்கர் ஐயா எடுத்துக் கங்காணிமார் கையில் கொடுக்க வேண்டும். 6:10க்குத் தட்டினால் பட்டியல் வர நாலு நிமிடத்துக்கு மேலே ஆகும். உடனே இன்னொரு தடவை அதே பட்டியலைக் கேட்டால் ஆறு விநாடி. பத்து மணி நிறுவை மடுவத்திலிருந்து வரும்போது எல்லாம் பறக்கும். மறுநாள் காலை திரும்பவும் நாலு நிமிடம்.

“தம்பி, இதுவும் மனுசன் மாதிரித்தான். குளிருக்கு எழும்ப மாட்டேங்குது” என்றார் ஐயா. அவர் சொன்னது பாதி சரி என்று பிறகு தெரிந்தது.

காலம் 2022இன் கடைசி. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. கூடுதல் ரேம் வாங்குவோம், எஸ்எஸ்டி போடுவோம் என்று துரையிடம் வாயைத் திறக்கக்கூட முடியாது. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

தவறான சந்தேகங்கள் இரண்டு

முதல் சந்தேகம் மின்வெட்டு. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போன வெட்டு அப்போது குறைந்திருந்தாலும், பொழுது பட்ட பிறகு பெரும்பாலும் ஒரு தடவையாவது கரண்ட் போகும். யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும், அப்புறம் சேர்வர் தானாக அணையும். திரும்ப எழும்பும்போது ரேமில் ஒன்றும் இருக்காது. லினக்ஸ் ஒரு கோப்பை வாசித்தால் அந்த வாசித்த துண்டுகளை, 4 கிலோபைட் பக்கம் பக்கமாக, சும்மா கிடக்கிற ரேமில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை டிஸ்க்குக்குப் போகாது. இதுதான் பேஜ் கேஷ். கரண்ட் போனால் அதுவும் போச்சு. காலையில் முதல் ஆளாகத் தட்டுகிறவர் தலையில் டிஸ்க்கின் முழு மந்தமும் விழும்.

விளக்கம் அழகாகப் பொருந்தியது. ஆனாலும் ஐயாவிடம் ஒரு கொப்பி கொடுத்து, இரவு கரண்ட் போனதா, காலையில் எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்கச் சொன்னேன். பத்து நாள் எழுதினார். அதில் மூன்று இரவு கரண்ட் போகவே இல்லை. அந்த மூன்று காலையிலும் அதே நாலு நிமிடம்.

இரண்டாவது சந்தேகம் ஐயாவுடையது. ‘ஃபிரீ’ கட்டளையை எங்கேயோ பார்த்துப் பழகியிருந்தார். அதில் காலியாக 190 எம்பிதான் காட்டியது. “ரேம் முடிஞ்சு போச்சு தம்பி” என்று பயந்துவிட்டார். அந்த வரியில் பார்க்க வேண்டியது காலி என்ற எண்ணை அல்ல, கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ என்ற எண்ணை. அது ஐந்து ஜிபிக்கு மேல் இருந்தது. கேஷில் கிடப்பதை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் வேண்டிய நேரம் விட்டுக்கொடுக்கும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

இந்த இடத்தில் பல பேர் செய்யும் ஒரு வேலை உண்டு. ‘டிராப் கேஷஸ்’ என்ற கேர்னல் கோப்பில் 3 என்று எழுதி, தினமும் கேஷைத் துடைக்கக் கிரான் என்ற நேர அட்டவணையில் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நான் அதை ஒரே ஒரு தடவை, சோதனைக்கு மட்டும் பாவித்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம், எல்லாம் பறந்துகொண்டிருந்தபோது, முதலில் ‘சிங்க்’ (எழுதாமல் நிற்பதை டிஸ்க்குக்கு அனுப்பும் கட்டளை), அப்புறம் 3. பட்டியலைத் தட்டினேன். 4 நிமிடம் 5 விநாடி. திரும்பத் தட்டினேன். 6 விநாடி. காலை நோயை மத்தியானமே வரவழைத்தாயிற்று. நோய் கேஷ் வெறுமையாக இருப்பதுதான் என்பதில் இனிச் சந்தேகமில்லை. கரண்ட் போகாத இரவில் அதை யார் வெறுமையாக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கோப்பு கோப்பாகப் பார்த்தல்

எந்தக் கோப்பில் எவ்வளவு ரேமில் இருக்கிறது என்று கேட்க இரண்டு கருவி தெரியும். யூட்டில்-லினக்ஸ் என்ற கருவித் தொகுப்போடு வரும் ‘எஃப்-இன்கோர்’, தனியாகப் போட வேண்டிய ‘விஎம்டச்’. பின்னது கோப்புறை கொடுத்தால் உள்ளே இறங்கி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும்.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. என் சாதாரணக் கணக்கிலிருந்து ஸ்கேன் கோப்புறையில் விஎம்டச்சை ஓட்டினேன். 345 ஜிபியில் 345 ஜிபியும் ரேமில் இருக்கிறது, நூற்றுக்கு நூறு என்றது. 8 ஜிபி ரேமில்! கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான்: ஒருவன் கேஷைப் பார்த்து அடுத்தவன் என்ன கோப்பைத் திறக்கிறான் என்று உளவு பார்க்கலாம் என்பதால், கேர்னல் 5.2இலிருந்து அந்தக் கேள்விக்குக் கட்டுப்பாடு வந்தது. கோப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது எழுத அனுமதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை என்று சொல்லாது. “எல்லாம் இருக்கிறது” என்று பொய் சொல்லும். ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டினால்தான் உண்மை வரும்.

சரி, ரூட்டாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தரவுத்தளக் கோப்புறையை அளந்து பதியும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டேன். தரவுத்தளம் மொத்தம் 2.1 ஜிபி. இரவு 12:50க்கு அதில் 1.9 ஜிபி ரேமில். 1:00க்கு பேக்கப். 1:40க்கு 0.4. 2:30க்கு 0.2. அப்புறம் காலை வரை அசையவில்லை.

இதைப் பார்த்ததும் எவரும் “ஓ, பேக்கப் 345 ஜிபியை வாசித்தது, பழையதைத் தள்ளிவிட்டது” என்று கொப்பியை மூடிவிடுவார்கள். நானும் மூடப் பார்த்தேன். ஆனால் அது அவ்வளவு லேசாக நடக்கக்கூடாது. கேர்னல் பக்கங்களை இரண்டு பட்டியலில் வைக்கிறது. புதிதாக வாசித்த பக்கம் முதலில் ‘செயலற்ற’ பட்டியலுக்குப் போகும். அங்கே இருக்கும்போதே இரண்டாம் தடவை தொடப்பட்டால் ‘செயலில்’ பட்டியலுக்கு ஏறும். இடம் போதாவிட்டால் செயலற்றதிலிருந்துதான் முதலில் வெட்டு விழும். ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டுப் போகும் பேக்கப் போன்ற வழிப்போக்கர்கள் வீட்டுக்காரரைத் துரத்தக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. பகல் முழுக்கத் திரும்பத் திரும்பத் தொட்ட செக்ரோல் பக்கங்கள் செயலில் பட்டியலில்தான் இருந்திருக்க வேண்டும். பின்னே எப்படி முக்கால்வாசிக்கும் மேலே போனது?

பதில் என் ஸ்கிரிப்டில் இருந்தது. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு கோப்புறை, சராசரியாக 300 படம், 450 எம்பி. எழுதும்போது ரொம்பக் கவனமான ஆள் மாதிரி, ஒவ்வொரு கோப்புறைக்கும் முதலில் எம்டி5 கூட்டு (கோப்பு முழுவதையும் வாசித்துப் போடும் சரிபார்ப்பு எண்) எடுத்துக் குறித்துவிட்டு, உடனே அதே கோப்புறையை ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கருவியின் செக்சம் தெரிவோடு, அதாவது உள்ளடக்கத்தையே வாசித்து, ஒப்பிட்டு எடுக்கும்படி வைத்திருந்தேன். எம்டி5 ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் தொடும். சில விநாடிக்குள், அவை இன்னும் ரேமில் இருக்கும்போதே, ஆர்சிங்க் இரண்டாம் தடவை தொடும். கேர்னலின் கண்ணில் 1950களின் பிறப்புப் பதிவேடு, திரும்பத் திரும்பத் தேவைப்படும் முக்கியக் கோப்பு. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் படமும் இப்படி வரிசையாகச் செயலில் பட்டியலில் ஏறி, செக்ரோலை வெளியே தள்ளின. போதாதற்கு, ஆர்சிங்க் வெளி டிஸ்க்கில் இருக்கும் பிரதியையும் ஒப்பிட வாசிப்பதால் அதுவும் கேஷுக்குள் வந்தது.

நம்பிக்கைக்கு ஒரு இரவு எம்டி5 வரியை மட்டும் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். காலையில் 2.1இல் 1.5 ஜிபி அப்படியே இருந்தது.

என்னென்ன பிடி இருக்கிறது

லினக்ஸில் “இந்தக் கோப்பைக் கேஷ் பண்ணு, அந்தக் கோப்புறையைப் பண்ணாதே” என்று எழுதி வைக்க ஒரு பொதுவான கட்டளை கிடையாது. சாட்டர் கட்டளையால் கோப்பில் ஒட்டும் பண்பு மாதிரி ஒன்று இருக்கும் என்று நானும் தேடினேன். இல்லை. யார், எத்தனை தடவை, எப்போது தொடுகிறார்கள் என்பதைப் பார்த்துக் கேர்னல் தானே முடிவெடுக்கிறது. நம் கையில் இருப்பவை சுற்று வழிகள். ஸெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் பாவிக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வசதி: கோப்புறையைத் தனி டேட்டாசெட் ஆக்கிவிட்டால், அதற்கு முழுவதும், மெட்டாடேட்டா மட்டும், ஒன்றுமே வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றை ‘பிரைமரி கேஷ்’ பண்பில் போடலாம். இங்கே இருந்தது ஈஎக்ஸ்டி4 என்ற வேறு கோப்பு முறைமை. அந்தப் பேச்சு இல்லை.

முதலில் முயன்றது ‘எஃப்-அட்வைஸ்’ வழி. ஒரு புரோகிராம் தான் வாசித்து முடித்த கோப்பைப் பற்றி, “இனி எனக்கு வேண்டாம்” என்று கேர்னலுக்குச் சொல்லலாம். ஆர்சிங்கில் அது இல்லாததால் ‘நோகேஷ்’ என்ற உறையைப் போட்டு ஓட்டினேன். அது லைப்ரரி வழியாக நடுவில் புகுந்து, ஒவ்வொரு கோப்பையும் மூடும்போது அந்த வார்த்தையைச் சொல்லும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கேஷ் புரோகிராமுக்குச் சொந்தமில்லை, கோப்புக்குச் சொந்தம். பேக்கப் “வேண்டாம்” என்று சொன்னால், அதே கோப்பைத் தரவுத்தளம் ஆசையாக வைத்திருந்த பக்கங்களும் சேர்ந்து போகும். நோகேஷ் புத்திசாலித்தனமாக, திறக்கும்போது எந்தப் பக்கம் ஏற்கனவே இருந்தது என்று கேட்டு வைத்துக்கொண்டு, தான் கொண்டுவந்ததை மட்டும் துரத்தும். ஆனால் இரண்டு லட்சத்துச் சொச்சம் கோப்புக்கும் இந்தக் கணக்கைப் பார்த்ததில் பேக்கப் நீண்டது. எழுதிய பக்கம் இன்னும் டிஸ்க்குக்குப் போகாமல் இருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பும் இல்லை. முதலில் எஃப்சிங்க், அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்தல், ஆக வேண்டும். “ஒரு தடவைதான் பாவிப்பேன்” என்று சொல்லும் இன்னொரு வார்த்தையும் உண்டு. எங்களிடம் இருந்த 5.15 கேர்னலில் அது வெறும் பேச்சு. 6.3இல்தான் அதற்கு வேலை வந்தது.

கோப்புறைகளின் கதை வேறு. பெயர்களும் ஐநோடுகளும் (ஒரு கோப்பின் அளவு, நேரம், உரிமை போன்ற விவரக் குறிப்பு) பேஜ் கேஷில் இல்லை, கேர்னல் தன் தேவைக்கு வைத்திருக்கும் ஸ்லாப் நினைவகத்தில் கிடக்கும். ஒரு பெயருக்கு 192 பைட், ஈஎக்ஸ்டி4 ஐநோடு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோபைட். எங்கள் படங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே சுமார் 290 எம்பி. எஃப்-அட்வைஸ் இதைத் தொடவே தொடாது. ‘விஎஃப்எஸ் கேஷ் பிரஷர்’ என்ற திருகாணி உண்டு, இயல்பு நிலை 100. குறைத்தால் பெயர்களையும் ஐநோடுகளையும் கேர்னல் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அது முழு இயந்திரத்துக்கும் ஒன்றுதான். இந்தக் கோப்புறைக்கு மட்டும் என்று கேட்க முடியாது. 50க்கு இறக்கிப் பார்த்தேன். சம்பாவில் பட்டியல் திறப்பது கொஞ்சம் சுறுசுறுப்பானது, செக்ரோலுக்கு இடம் இன்னும் குறைந்தது. திரும்ப 100.

இறுக்கிப் பூட்டிவிடுவதும் முடியும். விஎம்டச்சின் பூட்டுத் தெரிவு 2.1 ஜிபியையும் ரேமில் ஆணி அடித்து வைக்கும். ஆசையாகத்தான் இருந்தது. செய்யவில்லை. 8 ஜிபியில் கால்வாசிக்கு மேல் யாரும் தொட முடியாமல் கிடப்பது சம்பளக் கணக்கு ஓடும் நாளில் ஆபத்து. இன்னொன்று, பூட்டும் நேரத்தில் இருந்த கோப்புகள்தான் பூட்டப்படும். போஸ்ட்கிரெஸ் ஒரு அட்டவணையைத் திரும்ப எழுதினால் புதுக் கோப்புக்குப் போய்விடும். பூட்டு பழைய கோப்போடு நின்றுவிடும், புதியதற்கு வராது.

கடைசியில் நின்றது வேலி. வேண்டியதைக் கட்டிப் பிடிப்பதை விட்டு, பேராசைக்காரனைச் சுற்றி வேலி அடித்தேன். உபுண்டு 22.04இல் சீகுரூப்பின், அதாவது ஒரு கூட்டம் புரோகிராம்களுக்கு எல்லை போடும் ஏற்பாட்டின், இரண்டாம் பதிப்பு இயல்பாகவே ஓடுகிறது. பேக்கப்பைக் கிரானிலிருந்து எடுத்து, பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் கீழ் ஒரு சேவையாக்கி, ‘மெமரி ஹை’ என்ற ஒரே வரியில் 300 எம்பி போட்டேன். ஒரு சீகுரூப் முதலில் கொண்டுவரும் கோப்புப் பக்கங்கள் அதன் கணக்கில்தான் ஏறும். அளவு தாண்டினால் அதன் சொந்தப் பக்கங்களிலேயே வெட்டு விழும். ஐநோடும் பெயரும்கூட இதே கணக்கில் எழுதப்படுகிறது. கோப்புறைக் கேஷைக் கட்டுப்படுத்த நான் கண்ட ஒரே நேரான பிடி இதுதான், அதுவும் சுற்று வழியாக. தரவுத்தளத்தின் பக்கம் ஏற்கனவே தரவுத்தளத்தின் கணக்கில் இருப்பதால், பேக்கப் அதை வாசித்தாலும் கணக்கு மாறாது.

வேலிக்கு முன்னாலே இன்னொரு வேலை செய்தேன், அதுதான் அதிகம் பலித்தது. எம்டி5 வரியைத் தூக்கினேன். கிழமை நாட்களில் ஆர்சிங்க் அளவையும் நேரத்தையும் மட்டும் பார்க்கும். முழுச் செக்சம் சனி இரவு மட்டும், ஞாயிறு பிரட்டு இல்லை. வாசிக்காத கோப்பு கேஷைத் தின்னாது.

காலை 5:15

மின்வெட்டுக்கு மருந்து இன்னும் இல்லை. அதற்குச் சூடேற்றல். பட்டியல் ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 பக்கம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கிலோபைட், ஆக மொத்தம் 160 எம்பிதான். ஆனால் அவை 2.1 ஜிபி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. 7200 சுற்று டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி, சராசரியாகப் பாதிச் சுற்றுக் காத்திருப்பு, அதோடு தலை நகரும் நேரம். விநாடிக்கு 80 இடம் தொட்டால் பெரிது. 20,000ஐ 80ஆல் வகுத்தால் 250 விநாடி. ஐயாவின் நாலு நிமிடம்!

இதே 2.1 ஜிபியை முதலிலிருந்து கடைசி வரை நேராக வாசித்தால் விநாடிக்கு 120 எம்பி வீதம் 18 விநாடி. ஐயாவுக்கு இப்படிச் சொன்னேன்: மலை முழுக்க ஓடி, அங்கே ஒரு கொழுந்து இங்கே ஒரு கொழுந்து என்று கிள்ளுவதை விட, நிரை பிடித்து முழு மலையையும் எடுத்துவிடுவது சுருக்கு. தலையை ஆட்டினார். எனக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் பிடித்தது.

ஆக, 5:15க்கு ஒரு டைமர், சேர்வர் எழும்பும்போதும் அதே சேவை. விஎம்டச் தரவுத்தளக் கோப்புறையைத் தொட்டு இழுக்கும். பிறகு அந்த ஆண்டின் ஸ்கேன் கோப்புறையில் மட்டும் ‘ஃபைண்ட்’ விவரப் பட்டியலோடு ஒரு நடை நடந்து ஐநோடுகளை எழுப்பும். வெறும் பெயர்ப் பட்டியல் போதாது. விவரம் கேட்டால்தான் ஐநோடு வரும். இந்தச் சேவைக்கு வேலி போடக்கூடாது. முதலில் தொடுகிறவன் கணக்கில்தான் பக்கம் ஏறும் என்பதால், 300 எம்பி வேலிக்குள்ளிருந்து சூடேற்றினால் 300 எம்பிதான் மிஞ்சும்.

முதல் காலை 6:10க்குப் பட்டியல் எட்டு விநாடியில் வந்தது. ஐயா தப்பான பட்டியலோ என்று திகதியைப் பார்த்தார்.

போஸ்ட்கிரெஸிலேயே 11ஆம் பதிப்பிலிருந்து தானாகச் சூடேற்றும் ஏற்பாடு இருப்பதை அறிவேன். எங்கள் ‘ஷேர்ட் பஃபர்ஸ்’ (போஸ்ட்கிரெஸ் தனக்கென்று வைத்திருக்கும் கேஷ்) இயல்பான 128 எம்பியிலேயே இருந்தது, பாரத்தைச் சுமந்தது முழுக்க கேர்னலின் கேஷ்தான். அதனால் அங்கேயே மருந்து போட்டேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், அதுவும் சம்பளத்துக்கு முந்தின நாள், செக்ரோல் இழுத்தது. பேக்கப் ஓடும் நேரமில்லை. பதிவைப் பார்த்தால் 11 மணியிலிருந்து தரவுத்தளப் பங்கு படிப்படியாக இறங்கியிருக்கிறது. கணக்காய்வுக்கு வந்திருந்தவர் விண்டோஸ் மடிக்கணினியில் பழைய பதிவேட்டுக் கோப்புறைகளைச் சின்னப் படக் காட்சியில் திறந்து வைத்திருந்தார். அதற்காகச் சம்பா ஒவ்வொரு படத்தையும் வாசித்திருக்கிறது. முன்னும் பின்னும் போகப் போக அதே படங்கள் இரண்டாம் தடவை தொடப்பட்டு மேலே ஏறியிருக்கின்றன. என் எம்டி5 செய்த அதே வேலை, இந்த முறை மனிதக் கையால். சம்பா சேவைக்கும் 1.5 ஜிபி வேலி போட்டேன். வெளியே போன செக்ரோல் பக்கங்கள் வேலி போட்டதால் மட்டும் திரும்பி வராது என்பதால், சூடேற்றும் சேவையைக் கையால் ஒரு தடவை ஓட்டிவிட்டு, மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன்.